குருநகர்க் கரையில் கற்ற பாடம்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இறங்கிக் குருநகருக்கு எப்படிப் போவது என்று கேட்டால், "கடல் பக்கமா நடவுங்கோ" என்பார்கள். ஆஸ்பத்திரி வீதியையும் பிரதான வீதியையும் கடந்து, புனித மரியன்னை பேராலயமும் புனித பத்திரிசியார் கல்லூரியும் இருக்கும் பக்கமாக நடந்தால், சிறிது நேரத்தில் காற்றில் உப்பு மணமும் மீன் மணமும் கலந்து வரும். அந்த மணம் வந்தால் குருநகர் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் குருநகரில் பிறந்தவள் அல்ல. வடமராட்சியில் பிறந்து, இடம்பெயர்ந்து, பல ஊர்த் தண்ணீர் குடித்தவள். ஆனாலும் 2003ஆம் ஆண்டு தொடக்கம் இந்தக் கரைக்கு வந்து போகிறேன். உளவளத்துணைப் பயிற்சியை வேறோர் இடத்தில் பெற்றேன். அந்தப் பணியில் நான் விட்ட பெரிய பிழையையும், அதைத் திருத்திய பாடத்தையும் இந்தக் கரையில்தான் பெற்றேன். நம் சகோதரிகளுக்கு அது உதவக்கூடும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

கரையூர்

குருநகரின் பழைய பெயர் கரையூர். பெயருக்கு ஏற்ற ஊர். தெற்கே யாழ்ப்பாணக் கடல்நீரேரி. இறங்குதுறையில் நின்று பார்த்தால் தண்ணீருக்கு அப்பால் மண்டைதீவு ஒரு கரும்பச்சைக் கோடு போலத் தெரியும். காலையில் வள்ளங்கள் கரைக்கு வரும் நேரத்தில் நண்டு, இறால், மீன் என்று கூடைகள் இறங்கும். கூறி விற்கும் சத்தமும் காகங்களின் சத்தமும் ஒன்றாகக் கேட்கும். ஒழுங்கைகள் ஒடுக்கமானவை. ஒரு வீட்டில் மீன் பொரித்தால் நாலு வீட்டுக்குத் தெரியும். ஒரு வீட்டில் அழுதால் அதுவும் நாலு வீட்டுக்குத் தெரியும். மூலைக்கு மூலை மாதாவுக்கோ அந்தோனியாருக்கோ ஒரு சிறிய கெபி இருக்கும். தொழிலுக்குப் போகிறவர்கள் அதன் முன்னால் ஒரு கணம் நின்று, சிலுவை அடையாளம் போட்டுவிட்டுத்தான் கடலுக்கு இறங்குவார்கள்.

ஊரின் நடுவில் புனித யாகப்பர் ஆலயம். யாகப்பரும் ஒரு மீனவர்தான். கலிலேயாக் கடற்கரையில் தகப்பனோடு வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது அழைக்கப்பட்டவர். வலையும் வள்ளமுமாக வாழும் ஒரு சனம் அவரைத் தங்கள் காவலராக வைத்திருப்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

இந்த ஊருக்குக் கடலும் கோவிலும் இரண்டு தாய்மார் போல. போரில் இரண்டும் காயப்பட்டன. 1986 யூன் 10ஆம் திகதி, மண்டைதீவுக் கடலில் தொழிலுக்குப் போன 30க்கும் மேற்பட்ட கடற்றொழிலாளர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் குருநகரைச் சேர்ந்தவர்கள். 1993 நவம்பர் 13ஆம் திகதி, புனித யாகப்பர் ஆலயத்தின் மீது விமானத்திலிருந்து குண்டு வீசப்பட்டது. உயிர்கள் போயின. ஆலயம் சிதைந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து நடந்தபோது இந்தச் சனமும் நடந்தது. ஆலயத்தைப் பிறகு திருத்திக் கட்டினார்கள். சுவரைத் திருத்துவது போல மனிதரைத் திருத்த முடியாது என்பதை நான் விளங்கிக்கொள்ளச் சில காலம் எடுத்தது.

நான் விட்ட பிழை

2003ஆம் ஆண்டு. யுத்த நிறுத்தம் நடைமுறையில் இருந்த காலம். ஏ-9 பாதை திறந்து, வெளியிலிருந்து உதவிகளும் பயிற்சிகளும் வந்துகொண்டிருந்தன. சில மாதப் பயிற்சியை முடித்துவிட்டு, கையில் ஒரு கொப்பியோடும் வண்ணப் பென்சில்களோடும் நான் பெண்கள் குழு ஒன்றைச் சந்திக்க வந்தேன். பதினைந்து பேர் வட்டமாகப் பாயில் இருந்தார்கள். பெரும்பாலானோர் கணவரையோ பிள்ளையையோ இழந்தவர்கள்.

நான் எல்லோரிடமும், "உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கோ. மனதில் உள்ளதைக் கொட்டினால் பாரம் குறையும்" என்றேன். ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். நாலாவதாக ஓர் அக்கா. அவருடைய கணவர் 80களின் பிற்பகுதியில் ஒரு விடியற்காலை தொழிலுக்குப் போய், உடலாகத் திரும்பியவர். அக்கா சொல்லத் தொடங்கி இரண்டாவது வசனத்திலேயே கைகள் நடுங்கத் தொடங்கின. மூச்சு வாங்கியது. கண்கள் எங்கோ நிலைகுத்தி நின்றன. எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தில், சிறுவயது முதல் கேட்டுப் பழகிய வார்த்தை ஒன்றை எடுத்து நீட்டினேன்.

"அழாதேங்கோ அக்கா. எங்களால தாங்க ஏலாத சிலுவையை ஆண்டவர் தரமாட்டார்."

அக்காவின் நடுக்கம் நின்றது. என்னை நேராகப் பார்த்தார்.

"அப்ப, என்ர மனிசனைக் கொண்டுபோய்க் கடலில அப்பிடிச் செய்வித்தது ஆண்டவரோ பிள்ளை?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் எழுந்து போய்விட்டார். அடுத்த கிழமை வரவில்லை. அதற்கு அடுத்த கிழமையும் வரவில்லை. ஞாயிறு பூசைக்கும் வருவதை நிறுத்திவிட்டார் என்று மற்றவர்கள் சொன்னபோது எனக்கு அடிவயிறு குளிர்ந்தது. அவரிடம் மிச்சமிருந்த ஒரு ஆறுதலையும் நானே பறித்துவிட்டேனோ என்று பல இரவுகள் நித்திரை இல்லாமல் கிடந்தேன்.

எனக்குப் பயிற்சி தந்தவர்களில் வயது முதிர்ந்த ஒரு கன்னியாஸ்திரி இருந்தார். அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் யோபுவின் கதையைக் கேட்டார். "யோபுவின்ர சிநேகிதர் மூன்று பேரும் செய்த நல்ல காரியம் என்ன?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "அவர்கள் யோபுவைப் பார்க்க வந்து, ஏழு இரவும் ஏழு பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு நிலத்தில் இருந்தார்கள். அவர்கள் வாயைத் திறந்த பிறகுதான் பிழை தொடங்கியது" என்றார்.

யோபுவின் துன்பத்துக்குக் காரணம் கண்டுபிடிக்க அந்தச் சிநேகிதர் படாத பாடுபட்டார்கள். நீ பாவம் செய்திருப்பாய், கடவுள் உன்னைத் திருத்துகிறார் என்றெல்லாம் சொன்னார்கள். கதையின் முடிவில் கடவுள் அந்தச் சிநேகிதரைத்தான் கடிந்துகொள்கிறார். கடவுளிடமே முறையிட்டு வழக்காடிய யோபுவை அல்ல. இந்த ஒரு விடயத்தை நான் மனதில் வைத்திருந்தால் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கமாட்டேன். என் வார்த்தை அக்காவின் பாரத்தைக் குறைக்கவில்லை. என் பயத்தைத்தான் குறைத்தது.

வலைக்குப் பக்கத்தில்

அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அது பரவாயில்லை பிள்ளை" என்று சொல்லிவிட்டு வலை பொத்தத் தொடங்கினார். நான் போகாமல் பக்கத்தில் இருந்தேன். மறுகிழமையும் போய் இருந்தேன். கேள்வி எதுவும் கேட்கவில்லை. நூல் கோர்க்கப் பழக்கினார். பிளேன்ரீ தந்தார். மீன் விலை, மகளின் படிப்பு, மழை என்று கதைத்தோம். ஐந்தாறு கிழமைகள் இப்படியே போயின.

ஒருநாள் கரைக்கு வந்த வள்ளத்தின் எஞ்சின் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. அக்காவின் கை நின்றுவிட்டது. சிறிது நேரத்துக்குப் பிறகு அவராகவே சொன்னார், "இந்தச் சத்தம் கேட்டால் எனக்கு இண்டைக்கும் அந்த விடியக்காலைதான். உடம்பு அங்க போயிடும்."

அந்த ஒரு வசனத்தில் மன வடு என்றால் என்ன என்பது அடங்கியிருந்தது. ஆபத்து வரும்போது நம் உடல் ஓடவும், எதிர்க்கவும், அல்லது உறைந்து நிற்கவும் ஆயத்தமாகிறது. ஆபத்து முடிந்ததும் அந்த ஆயத்தநிலை அடங்கவேண்டும். சிலருக்கு அது அடங்குவதில்லை. ஒரு சத்தம், ஒரு மணம், ஒரு திகதி போதும், உடல் பழைய இடத்துக்குப் போய்விடும். இது விசுவாசக் குறைவும் அல்ல, பைத்தியமும் அல்ல. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் உளமருத்துவராக இருந்து பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் இதைத்தான் திரும்பத் திரும்ப எழுதினார்கள். அசாதாரணமான சம்பவங்களுக்கு மனித உடலும் மனமும் காட்டும் இயல்பான மாற்றம் இது.

அமெரிக்க உளமருத்துவரான ஜூடித் ஹெர்மன் 1992இல் வெளியிட்ட நூலில் குணமடையும் பாதையை மூன்று படிகளாகச் சொல்கிறார். முதலாவது பாதுகாப்பு. இரண்டாவது, நடந்ததை நினைவுகூர்ந்து துக்கம் கொண்டாடுவது. மூன்றாவது, திரும்பவும் மனிதரோடும் வாழ்வோடும் இணைவது. நான் அந்த முதல் நாளிலேயே அக்காவை இரண்டாம் படியில் தூக்கி வைத்தேன். முதலாம் படி அவருக்கு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் யாரையும் நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தக்கூடாது என்றே கூறுகிறது. கவனித்துப் பார், செவிகொடு, உதவியோடு இணைத்துவிடு என்பதே அதன் சாரம்.

இதற்கும் வேதாகமத்தில் ஒரு காட்சி இருக்கிறது. இறைவாக்கினர் எலியா உயிருக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு செடியின் கீழ் விழுந்து, இனிப் போதும், என் உயிரை எடுத்துவிடும் என்று கடவுளிடம் கேட்கிறார். அப்போது வந்த தூதர் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. நித்திரை கொள்ள விடுகிறார். எழுப்பிச் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுக்கிறார். மறுபடியும் நித்திரை கொள்ள விடுகிறார். மறுபடியும் சாப்பாடு. அதற்குப் பிறகுதான் பயணம். உடம்பைப் பார்த்த பிறகே ஆன்மாவைப் பார்க்கவேண்டும் என்ற ஒழுங்கு அதில் இருக்கிறது.

அக்காவின் கழுத்தில் ஒரு பழைய செபமாலை இருந்தது. எஞ்சின் சத்தம் கேட்கும்போது அதன் மணி ஒன்றை விரலால் அழுத்திப் பிடித்து, மூச்சை மெல்ல வெளியே விட்டு, காலடியில் மண் இருப்பதை உணர்ந்து பார்க்கலாமா என்று கேட்டேன். "அதைத்தானே பிள்ளை நான் இவ்வளவு நாளும் செய்யிறன்" என்றார். நான் படிப்பித்துக் கொடுக்கவேண்டிய ஒன்றை அவர் தானாகவே செய்துகொண்டிருந்தார்.

இது வெறும் நம்பிக்கைப் பேச்சு அல்ல. 2001இல் இத்தாலிய மருத்துவர்கள் 23 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், செபமாலைச் செபத்தை இலத்தீனில் சொல்லும்போது மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு தடவையாகக் குறைந்து, இதயத்தின் ஒழுங்குக்கு நன்மை செய்தது தெரியவந்தது. யோக மந்திரம் ஒன்றைச் சொன்னபோதும் அதே பலன் கிடைத்தது. நம் நாட்டிலும் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரோடு பணியாற்றியவர்களும் இந்துக்களுக்கு ஓங்காரம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர், பௌத்தர்களுக்கு மூச்சைக் கவனிக்கும் தியானம் என்று அவரவர் மரபில் உள்ளதையே மனதை ஆற்றும் பயிற்சியாகப் பயன்படுத்தினார்கள். ஒருவரிடம் ஏற்கெனவே இருக்கும் ஊன்றுகோலைத் தேடிக் கையில் கொடுப்பதுதான் வேலை. நம்முடைய ஊன்றுகோலைத் திணிப்பது அல்ல.

கோவில் வாசல்

இன்னொரு விடயத்தையும் குருநகர் எனக்குப் படிப்பித்தது. கவலைப்படும் பெண்ணைக் கண்டால், "கோவிலுக்கு வந்து இரு தங்கச்சி, மனம் ஆறும்" என்று சொல்வது நம் வழக்கம். பலருக்கு அது உண்மை. ஆனால் கோவிலின் மீதே குண்டு விழுந்த ஊரில் எல்லோருக்கும் அது உண்மையாக இருக்குமா? 1995 யூலை 9ஆம் திகதி, நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மீது குண்டு விழுந்து நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்படியான இடங்களிலிருந்து உயிரோடு வந்தவர்களுக்குக் கோவில் அடைக்கலமும் பயங்கரமும் சேர்ந்த இடம்.

பூசையின் நடுவில் எழுந்து வெளியே போகும் ஒரு பெண்ணை ஊர்ச் சனம் பக்தியில்லாதவள் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சனம் நிறைந்த மண்டபத்தில் கதவு தூரத்தில் இருந்தால் அவளுக்கு மூச்சு முட்டும் என்பது பிறகுதான் தெரியவந்தது. அவளிடம், கதவுக்குப் பக்கத்து வாங்கில் இருக்கலாம், வேண்டியபோது வெளியே போகலாம், வெளியே மர நிழலில் நின்றும் பூசை காணலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று சொன்னோம். இரண்டு வருடம் மர நிழலில் நின்றாள். மூன்றாம் வருடம் வாசற்படியில் இருந்தாள். இப்போது கடைசி வாங்கில் இருக்கிறாள். அவள் முன்வாங்குக்கு வரவேண்டும் என்று எங்களில் எவரும் காத்திருக்கவில்லை.

மன வடுவை விளங்கிக்கொண்டு செய்யும் பணியில் தெரிவு என்பது முக்கியமான சொல். போர் இந்தப் பெண்களிடமிருந்து தெரிவைத்தான் முதலில் பறித்தது. எப்போது ஓடுவது, எங்கே படுப்பது, யாரைப் புதைப்பது என்று எதுவும் அவர்கள் கையில் இருக்கவில்லை. ஆகவே சின்ன விடயத்திலும் அவர்களைக் கேட்டுச் செய்யவேண்டும். கதவைச் சாத்தவா, திறந்து விடவா? செபிக்கவா, சும்மா இருக்கவா? உயிர்த்த ஆண்டவர் தோமையாரிடம் வந்தபோது தன் காயங்களை மறைக்கவில்லை. உயிர்த்த உடலிலும் அந்தத் தழும்புகள் இருந்தன. காயப்பட்ட ஒருவர் எழுந்து நடக்கும்போதும் தழும்பு இருக்கலாம் என்பதே எனக்குக் கிடைத்த ஆறுதல்.

மழை வரும் வரை காத்தவள்

கணவரின் உடலாவது கிடைத்தது என்று அக்கா சில வேளைகளில் சொல்வார். உடலும் கிடைக்காத, செய்தியும் கிடைக்காத தாய்மாரை நினைத்து அப்படிச் சொல்வார். 1996இல் யாழ்ப்பாணத்தில் மட்டும் நூற்றுக்கணக்கானோர் கைதாகிக் காணாமல் ஆக்கப்பட்டார்கள். அவர்களின் தாய்மாருக்குத் திவசம் செய்வதா, சோறு எடுத்து வைப்பதா என்று தெரியாது. அமெரிக்க உளவியலாளர் போலின் பொஸ் இதற்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். இதில் மனம் முடங்கிப்போவது அந்தத் தாயின் பலவீனத்தால் அல்ல. இழப்பே முடிவில்லாததாக இருப்பதால்தான் என்கிறார்.

இப்படிப்பட்ட ஒரு தாயிடம், "பிள்ளை ஆண்டவரிடத்தில் இருக்கிறான் என்று நினைச்சு மனதைத் தேற்றுங்கோ" என்று சொல்வது கொடுமை. பிள்ளை இறந்துவிட்டதாக நாமே தீர்ப்பளிக்கிறோம். "உயிரோடதான் இருப்பான், செபியுங்கோ" என்பதும் அப்படியே. இரண்டும் நமக்குத் தெரியாதவை.

அவர்களோடு இருக்கும்போது நான் ரிஸ்பாவை நினைப்பேன். சாமுவேல் ஆகமத்தில் வரும் ஒரு தாய். அரசியல் பழிதீர்ப்பில் அவளுடைய இரண்டு பிள்ளைகளோடு சவுல் அரசனின் பேரப்பிள்ளைகள் ஐந்து பேரும் கொல்லப்பட்டு, புதைக்கப்படாமல் விடப்பட்டார்கள். அதற்குச் சம்மதித்தவன் தாவீது அரசன். ரிஸ்பா பாறையின் மேல் சாக்குத்துணியை விரித்தாள். அறுவடை தொடங்கிய நாளிலிருந்து மழை பெய்யும் வரைக்கும், பகலில் பறவைகளையும் இரவில் மிருகங்களையும் அந்த உடல்களின் கிட்ட வரவிடாமல் காத்தாள். ஒரு வார்த்தையும் அவள் பேசியதாக எழுதப்படவில்லை. அவள் செய்தது அரசனின் காதுக்கு எட்டியது. எலும்புகளைச் சேர்த்து முறையாக அடக்கம் செய்தான்.

2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் அகழ்வு நடந்தபோது 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. ஒரு சிறுபிள்ளையின் எச்சங்களோடு நீல நிறப் பாடசாலைப் பை ஒன்றும் கிடைத்தது. அந்தச் செய்தி வந்த நாட்களில் பல தாய்மாருக்கு நித்திரை போனது. அங்கே கிடைத்த பொருட்களைப் பார்க்கப் போகவேண்டும் என்றார் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா. போகவேண்டாம் என்று மகள்மார் மறித்தார்கள். போவதா இல்லையா என்பதை அவரே தீர்மானிக்கட்டும் என்றோம். போவதானால் யார் கூட வரவேண்டும், பார்க்க முடியாமற்போனால் எங்கே வந்து இருப்பது, அன்றிரவு யார் வீட்டில் படுப்பது என்பதை முதல்நாளே கதைத்து வைத்தோம். அவர் போனார். தன் பிள்ளையினுடையது என்று சொல்ல அங்கே ஒன்றும் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து ரிஸ்பாவின் கதையை இன்னொருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன். விளக்கம் எதுவும் கேட்கவில்லை.

அழுவதற்கு ஓர் இடம்

நம் மரபில் துக்கத்துக்கு எப்போதும் இடம் இருந்தது. இந்துச் சகோதரிகளுக்கு ஒப்பாரி இருக்கிறது. கத்தோலிக்கருக்கு, யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய வியாகுலப் பிரசங்கம் இருக்கிறது. தவக்காலத்தில் அதை இழுத்து, இராகத்தோடு வாசிக்கும்போது பெண்கள் மனம்விட்டு அழுவார்கள். வியாகுல மாதா மடியில் கிடத்திய மகனுக்காக அழுவதாகத் தொடங்கும். பிறகு யாருக்காக அழுகிறோம் என்பது அவரவருக்குத் தெரியும். பகிரங்கமாக அழமுடியாத காலங்களில்கூடப் பெரிய வெள்ளியில் அழலாம். ஒருவரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

திருப்பாடல்களில் பெரும் பங்கு முறைப்பாடுகளே. சிலுவையில் தொங்கிய இயேசுவும் தகப்பனிடம் ஏன் கைவிட்டீர் என்றுதான் கேட்டார். கடவுளிடம் கோபிப்பவள் கடவுளோடு இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறாள். அக்கா அன்றைக்கு என்னிடம் கேட்ட கேள்வியும் ஒரு செபம்தான் என்று இப்போது நினைக்கிறேன். நான்தான் அதை நடுவில் மறித்தேன்.

மன்னிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மன்னிப்பு கிறிஸ்தவ விசுவாசத்தின் பெரிய கொடை. ஆனால் உண்மை வெளிவராமல், குற்றம் செய்தவர் ஒருவரும் முன்வராமல், இழந்தவளிடம் மட்டும் மன்னித்துவிடு என்று கேட்பது இன்னொரு பாரத்தை ஏற்றுவதாகும். அது அவளாக, அவளுக்குரிய காலத்தில் வந்தால் வரட்டும்.

உதவி செய்யும் சகோதரிகளுக்கு

மாதர் சங்கங்களிலும் பங்குகளிலும் அயலிலும் மற்றவர்களுக்கு ஆறுதலாக இருக்கும் சகோதரிகளுக்கு, என் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

ஒருவரிடம் கேட்ட கதையைச் செபக்கூட்டத்தில் மன்றாட்டாகக்கூடச் சொல்லவேண்டாம். பெயர் சொல்லாவிட்டாலும் ஒடுங்கிய ஒழுங்கைகளில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

செபிப்பதற்கு முன் செபிக்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் மனத்தாங்கல் படாதீர்கள். வேறு மதத்தவரிடம் அவருடைய தெய்வத்தின் பெயரை மதியுங்கள். துன்பத்தில் இருப்பவரை மதம் மாற்ற முயல்வது அவருடைய காயத்தில் வியாபாரம் செய்வது போன்றது.

கதை சொல்லும்போது ஒருவர் நடுங்கினாலோ உறைந்துபோனாலோ கதையைத் தொடரச் சொல்லாதீர்கள். பெயரைச் சொல்லி மெல்லக் கூப்பிடுங்கள். இப்போது எந்த இடத்தில், யாரோடு இருக்கிறார் என்பதை நினைவூட்டுங்கள். தண்ணீர் கொடுங்கள். தொடுவதற்கு முன் கேளுங்கள்.

நித்திரையே இல்லாமல் கிழமைக்கணக்காக இருப்பது, சாப்பாட்டை வெறுப்பது, உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு ஆகியவை தென்பட்டால் செபம் மட்டும் போதும் என்று வைத்திருக்காதீர்கள். யாழ் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கோ அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கோ கூட்டிச் செல்லுங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தின் ஆலோசனை கிடைக்கும். மருந்து எடுப்பது விசுவாசத்துக்கு எதிரானது அல்ல. காய்ச்சலுக்கு மருந்து எடுத்துக்கொண்டே செபிக்கிறோம்தானே.

உங்களையும் கவனியுங்கள். கேட்டுக் கேட்டுக் களைத்தவருக்கும் எலியாவுக்குக் கிடைத்த நித்திரையும் அப்பமும் வேண்டும்.

போன யூன் மாதம் மறுபடியும் குருநகருக்குப் போனேன். அக்காவுக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. மகள் கலியாணம் முடித்துப் பேரப்பிள்ளையும் இருக்கிறது. நினைவு நாள் செபத்துக்கு இருவரும் சேர்ந்து போனோம். அவர் பூசைக்கு எப்போது திரும்பி வரத் தொடங்கினார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

செபம் முடிந்து இறங்குதுறைப் பக்கம் வந்து நின்றோம். பின்னேரக் காற்று. மண்டைதீவுப் பக்கமிருந்து ஒரு வள்ளம் எஞ்சின் சத்தத்தோடு வந்தது. அக்காவின் விரல் கழுத்து மாலைக்குப் போனது. நான் ஒன்றும் பேசவில்லை. வள்ளம் கரையைத் தொட்டு, எஞ்சின் நிற்கும் வரைக்கும் அவர் அப்படியே நின்றார்.

"இண்டைக்கும் கேட்டுது பிள்ளை. ஆனால் நான் இஞ்சதான் நிண்டனான்" என்றார்.

பிறகு, "வாரும், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்று வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.